டாக்டராகப் போகும் ஆரணித் தம்பிக்கு

தம்பி, ஒரகடத்துத் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகப்போகிறாய் என்று தெரு முழுக்கப் பேச்சாக இருக்கிறது. உங்கம்மாவுக்குப் பாதிப் பெருமை, பாதிப் பயம். ஊசி போடத் தெரியாமலே டாக்டர் ஆகலாம் என்பதை அவருக்கு யாராவது விளக்க வேண்டும். ஆராய்ச்சி செய்யத் தெரியாமலே டாக்டர் ஆகலாம் என்பதை உனக்கு விளக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தொழிற்சாலையிலும் நீ ஆராய்ச்சிப் பிரிவில்தான் இருந்தாய். கதவில் ‘ஆர் அண்ட் டி’ என்று பித்தளைப் பலகை. உள்ளே ஆறு பேர், ஆறு கணினி. கொரியாவிலிருந்து வரைபடம் வரும். அதில் போட்டிருக்கும் போல்ட் இங்கே கிடைக்காது. கிடைக்கிற போல்ட்டை மாட்டலாமா என்று கேட்டு மூன்று மின்னஞ்சல் போகும். பதினைந்து நாள் கழித்து ‘கூடாது’ என்று ஒற்றை வரியில் பதில் வரும். இந்தக் கடிதப் போக்குவரத்துக்கு ‘லோக்கலைசேஷன்’ என்று பெயர் சூட்டி, வருஷக் கடைசியில் கேக் வெட்டிப் படம் எடுத்து அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? நாடு தன் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 0.64 சதவீதம். தென்கொரியாவில் ஏறக்குறைய 5. நம்முடைய அந்த அரைச் சொச்சத்திலும் தனியார் போடுவது மூன்றில் ஒரு பங்கும் கொஞ்சமும். அந்தக் கேக்கும் அதில் சேர்த்தியா என்று தணிக்கைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

டெல்லிக்கும் இது உறுத்தாமல் இல்லை. 2023-இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் போட்டார்கள். ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவிப்பு. விரித்துப் பார்த்தால் அரசு தருவது 14,000 கோடி. மிச்சம் 36,000 கோடி தனியாரிடமிருந்து வருமாம். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டு, பந்தல் செலவு என்னுடையது, நகையும் சாப்பாடும் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பு என்று பத்திரிகை அடிப்பது மாதிரி. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்திரிகை போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. 2025-இல் அவருக்கு வட்டி குறைத்துக் கடன் கொடுக்க இன்னொரு லட்சம் கோடித் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. சொந்தக் காசைப் போட்டு ஆராய்ச்சி செய் என்று கெஞ்சி, அதற்கும் காசு கொடுக்கிற தேசம் நம்முடையது.

அது பெரிய இடத்து விவகாரம். உன் விவகாரத்துக்கு வருவோம். தேர்வு எழுதி மத்திய அரசு உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் போனால் 42,000. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் விகிதம். மாதாமாதம் என்பது காகிதத்தில். கையில் வருவது தீபாவளிக்கு வர வேண்டியது பொங்கலுக்கு, பொங்கலுக்கு வர வேண்டியது சித்திரைக்கு. ஆனாலும் நம் நெசவாளர் தெருவில் நின்று புலம்பாதே. நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) சொல்கிறபடி, நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூடப் பார்ப்பதில்லை. உன் ஒருவன் உதவித்தொகையில் ஏழு குடும்பம் அடங்கும். அது வரவில்லை என்று நீ அழுதால், வராமலே பழகியவர்கள் என்ன சொல்லி ஆறுதல் சொல்வார்கள்?

அடுத்து கைடு. மாமனார் தேடுவதைவிடக் கவனமாகத் தேடு. நல்ல கைடுகள் இருக்கிறார்கள். அவர்களிடம் இடம் இருக்காது. இடம் இருக்கிறவரிடம் நீ செய்ய வேண்டிய ஆய்வுப் பணிகள்: அவருடைய விடைத்தாள் கட்டைத் திருத்துவது, அவர் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வரும் வாரத்தில் ஐந்து வருஷத்துக் கோப்புகளை மூன்று ராத்திரியில் தயாரிப்பது. உன் ஆய்வை மேற்பார்க்கும் டிசி மீட்டிங்குக்கு வரும் பேராசிரியர்களின் கார் வாடகை, முந்திரி பக்கோடா, மதியச் சாப்பாடு எல்லாம் உன் தலையில். அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளையும் நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் சாப்பாடு ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

கட்டுரைக்குக் கவலைப்படாதே. ‘ஸ்கோபஸ் பேப்பர் ரெடி’ என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கும். முதல் பெயருக்கு ஒரு விலை, இரண்டாவதுக்கு ஒரு விலை, ஐந்தாவது பெயருக்குத் தள்ளுபடி. நீ பெயரைக் கொடுத்தால் போதும், தலைப்பைப் பிறகு தெரிந்துகொள்ளலாம். இந்த மாதிரிக் கடைகளை ஒழிப்பதற்காகவே பல்கலைக்கழக மானியக் குழு ‘கேர்’ என்று நம்பகமான ஆய்விதழ்களின் பட்டியல் ஒன்று வைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் பட்டியலை ஒழித்துவிட்டது. கடைகள் சௌக்கியம்.

பெயர் வியாபாரம் உனக்குப் புதிதில்லை. ஆரணிப் பட்டுக்கென்று தனியாகப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனாலும் இங்கே நெய்த சேலை பஸ் ஏறிச் செய்யாறு தாண்டினால் காஞ்சிபுரம் ஆகிவிடுகிறது. சென்னைக் கடை அலமாரியில் ஏறும்போது கடைக்காரர் பெயரே அதற்குப் பெயர். இரயில்வேகாரனும் இந்த வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறான்: ‘ஆரணி ரோடு’ என்று போர்டு மாட்டிய ஸ்டேஷன் களம்பூரில் இருக்கிறது. உழைப்பு ஓர் இடத்திலும் பெயர் இன்னோர் இடத்திலும் இருப்பதற்கு நம் ஊர்க்காரனைப் போலப் பழகியவன் யார்? கட்டுரையில் உன் பெயர் நான்காவதாக வந்தால் அப்பாவை நினைத்துக்கொள்.

தலைப்பு என்றதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நீ நெசவாளி மகன். ஊர்ப் பாசத்தில் தறியையே ஆராய்ச்சிக்கு எடுத்துத் தொலைத்துவிடுவாயோ என்று பயம். வேண்டாம், கேள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியில் ஈரம் ஏறுகிறது. காலை வைத்தால் சொதசொத என்கிறது. தெருவில் பாவு விரித்துக் காயவைக்க வெயிலும் இல்லை. தறி நிற்கிறது, கூலியும் நிற்கிறது. இது ஒரு சிவில் இன்ஜினியர் ஆறு மாதம் உட்கார்ந்தால் தீர்க்கக்கூடிய சங்கதியாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் குழித்தறிக்குள் ஏறும் ஈரத்துக்கு எந்தச் சர்வதேச மாநாடு அழைப்பு அனுப்பும்? சிங்கப்பூர் போக வேண்டாமா நீ?

கோர்வைச் சேலையை எடுத்துக்கொள். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், மூன்று நாடா. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது எட்டு வயதுப் பையன், பத்து வயதுப் பெண். சட்டம் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நல்லதாயிற்று. அந்த இடம் மட்டும் காலியாகவில்லை. வீட்டுக்காரி வந்து உட்கார்ந்தார். இரண்டு பேர் உழைப்பு, ஒருவர் கூலி. இதற்கு மாற்றாகக் கண்காட்சியில் கருவி பார்த்திருக்கிறேன், அருகில் டை கட்டிய ஒருவர் நின்று விளக்கியதையும் பார்த்திருக்கிறேன். நம் தெருவில் பார்த்ததில்லை. பாவு தீர்ந்தால் புதுப் பாவைப் பழைய இழையோடு பிணைக்கிற வேலை இருக்கிறதே, அதைக் கேட்கவே வேண்டாம். விரலில் சாம்பல் தொட்டுத் தொட்டு, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைக்கும் பெண்களின் கண்ணை எந்தப் பொறியியல் கல்லூரிக்காரனாவது போய்ப் பார்த்தானா? மில்லுக்கு முடிச்சுப் போடும் இயந்திரம் நூறு வருஷத்துப் பழசு. மில்லுக்கு வந்தது தெருவுக்கு வராததற்குக் காரணம் இயற்பியலில் இல்லை.

உன் வீட்டுத் தறிக்கு மேலே ஒரு பெட்டி தொங்குகிறது, சின்ன வயதில் அதன் கட்டைச் சத்தத்தில்தான் நீ தூங்கினாய். ஜக்கார்டு பெட்டி. அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும். இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். உண்டு, இல்லை. ஒன்று, பூஜ்யம். பிரான்சில் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளியின் மகன் ஜக்கார்டு 1804-இல் இதைச் செய்தார். அவருடைய உருவத்தையே 24,000 அட்டை கோத்துப் பட்டில் நெய்தார்கள் 1839-இல். அதில் ஒரு பிரதி லண்டனில் சார்லஸ் பாபேஜ் வீட்டுச் சுவரில் தொங்கியது. பாபேஜ் தன் கணக்கிடும் பொறிக்கு அட்டையை எடுத்துக்கொண்டது அந்தத் தறியிலிருந்து. அப்புறம் 1890-இல் ஹாலரித் என்பவர் அமெரிக்க மக்கள்தொகையை ஓட்டை அட்டையில் எண்ணினார். அவர் தொடங்கிய கம்பெனி வேறு சிலவற்றோடு சேர்ந்து வளர்ந்துதான் ஐபிஎம் ஆனது. நீ ஒரகடத்துக்கு முன்னால் பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ஏறி இறங்கினாயே, அந்தக் கட்டடத்துக்குத் தாத்தா உன் வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது.

கல்லூரியில் முதல் வாரமே இதைச் சொல்லியிருப்பார்கள். கணினி வரலாறு, இரண்டாவது படவில்லை, ‘ஜக்கார்டு, 1804’, அடுத்தது. எங்கள் வீட்டில் இருக்கிறது சார் என்று நீ எழுந்து சொல்லவில்லை. சேர்க்கைப் படிவத்தில் அப்பா தொழில் என்ற இடத்தில் ‘சுயதொழில்’ என்று எழுதிவிட்டு வந்தவன் எப்படிச் சொல்வாய்? உன்னை நான் திட்டவில்லை. நெசவு என்று எழுதினால் அறை நண்பன் பார்க்கும் பார்வையை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அட்டை அடிக்கிறவரை நம் தெருவில் அட்டை அடிக்கிறவர் என்றுதான் சொல்கிறோம். அவர் கட்டம் போட்ட தாளில் மயிலை வரைந்து, கட்டம் கட்டமாகப் படித்து, ஓட்டை ஓட்டையாக அடிக்கிறார். ஓர் ஓட்டை தப்பினால் மயிலுக்குக் கழுத்து விட்டுப்போகும். இதே வேலையைக் குளிரூட்டிய அறையில் செய்கிறவனுக்கு புரோகிராமர் என்று பெயர், அவனுக்குத்தான் பெண் கொடுக்கிறார்கள்.

அந்தப் பெட்டியை மிதித்துத் தூக்குகிற காலைப் பற்றியும் பேச வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு மிதி. நாற்பது வயதில் முழங்கால் போய்விடுகிறது. மோட்டார் வைத்துப் பெட்டியைத் தூக்கலாம், காற்றழுத்தத்தில் தூக்கலாம், அரசாங்கத் திட்டப் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. திட்டத்துக்கு விண்ணப்பம், விண்ணப்பத்துக்கு நெசவாளர் அட்டை, அட்டைக்குச் சொசைட்டிச் சான்று, சொசைட்டியில் கையெழுத்துக்கு யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று உங்கப்பாவுக்குத் தெரியும். ஜக்கார்டைக் கண்டுபிடிக்க இத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருந்திருந்தால் லியோன்காரன் தறியைத் தூக்கி ஆற்றில் போட்டிருப்பான்.

சரி, இதெல்லாம் வேண்டாம் என்கிறாய், கைடு என்ன தலைப்பு கொடுப்பார்? நானே சொல்கிறேன்: ‘ஆழ்கற்றல் முறையில் பட்டுத் துணியில் குறை கண்டறிதல்’. அருமையான தலைப்பு. படங்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வாய்; ஆரணிக்கு வரவேண்டிய அவசியமில்லை. அவை பட்டா பாலியெஸ்டரா என்று யாரும் கேட்கமாட்டார்கள். 98 சதவீதத் துல்லியம் என்று வரும். எல்லாருக்கும் 98 சதவீதம்தான் வருகிறது. உங்கம்மா நெய்த சேலையை மடிக்கும் முன் உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவாரே, இழை விட்ட இடத்தில் கை தானாக நிற்குமே, அந்தக் கைக்கு எத்தனை சதவீதம் என்று எந்த ஆய்வேட்டிலும் கிடையாது. இன்னொன்றும் யோசித்துப் பார். குறை தெரிந்தால் யாருக்கு லாபம்? சேலையை எடுக்கிற முதலாளி குறை சொல்லிக் கூலியில் பிடிக்கிறார். இப்போது கண்ணால் பார்த்துப் பிடிக்கிறார். நீ டாக்டர் ஆனபிறகு கேமரா வைத்துப் பிடிப்பார். சொந்த அப்பாவின் கூலியில் கைவைக்கும் கருவிக்கு உனக்குத் தங்கப் பதக்கம் கிடைக்கலாம்.

வேதியியல் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் சுகம். கச்சாப் பட்டில் கால் பங்கு வரை செரிசின் என்கிற பசை. அதை வேகவைத்து நீக்கினால்தான் பட்டு பட்டாக மினுங்கும், சாயம் ஏறும். அந்தச் செரிசினை முகப்பூச்சில் சேர்க்கலாம், காயத்துக்குப் போடலாம் என்று உலகமெங்கும் கட்டுரை எழுதித் தள்ளியிருக்கிறார்கள், நம் நாட்டிலும்தான். நம் சாயப்பட்டறைத் தெருவில் அது சாக்கடையில் போகிறது. சிவப்புச் சாயம் போட்ட நாள் சிவப்பாக, பச்சை போட்ட நாள் பச்சையாக. அதைப் பிடித்து வைக்க ஒரு தொட்டி கட்டுவது எப்படி என்ற கட்டுரைக்கு இம்பாக்ட் ஃபேக்டர் கிடையாது. சாக்கடையிலிருந்து நூறு மில்லி அள்ளிக் குப்பியில் அடைத்துக்கொண்டு போகிறவர்களை நீயும் பார்த்திருப்பாய். குப்பிக்கு எண் உண்டு, தேதி உண்டு. எதற்குத் தம்பி என்று கேட்ட கிழவிக்குப் பதில் உண்டா?

ஆராய்ச்சி எப்படி இருக்கக்கூடாது என்பதற்குத் தெலங்கானாவில் ஓர் ஆள் இருக்கிறார், சிந்தகிந்தி மல்லேசம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். போச்சம்பள்ளிச் சேலைக்கு நூலை அரைவட்டத்தில் நட்ட முளைகளில் மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். ஒரு சேலைக்கு ஏறத்தாழ 9,000 தடவை கை போய் வர வேண்டும். அதைச் செய்தவர் அவருடைய அம்மா. தோள் வலிக்கிறது, இனி முடியாது என்றார் அம்மா. மகன் வருஷக்கணக்காக மரத்துண்டும் மோட்டாருமாகக் கிடந்து, ஊரார் பைத்தியம் என்று சொல்லக் கேட்டு, 1999-இல் இயந்திரத்தைச் செய்து முடித்தார். லட்சுமி ஆசு என்று அம்மா பெயரையே வைத்தார். 2017-இல் பத்மஸ்ரீ. இலக்கிய மீளாய்வு செய்தாரா? இல்லை. கருதுகோள் எழுதினாரா? இல்லை. டிசி மீட்டிங்குக்கு முந்திரி பக்கோடா? அதுவும் இல்லை. அம்மாவின் தோளைப் பார்த்தார், அவ்வளவுதான். இப்படியெல்லாம் ஆளாளுக்கு அம்மா தோளைப் பார்த்து ஆராய்ச்சி செய்யக் கிளம்பினால், துணிநுட்பத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா இருப்பவர்களின் கதி என்ன?

பட்டம் கைக்கு வந்தபிறகு உனக்குப் பிழைப்புப் பயம் வேண்டாம். தொழிற்சாலையில் ஒரு நாற்காலிக்கு மூன்று பேர் போட்டி. கல்வித்துறையில் ஒரே ஆளுக்கு எத்தனை நாற்காலி என்பதற்கு வரம்பே இல்லை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டது நினைவிருக்கிறதா? அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த 224 தனியார் பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரியில் ‘முழுநேரம்’ பணியாற்றியதாகப் பதிவு. ஒரு மகானுபாவர் 11 கல்லூரிகளில் முழுநேரம். இயற்பியலில் ஒரு துகள் இரண்டு இடத்தில் இருக்கலாமா என்று நூறு வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு பேராசிரியர் பதினோரு இடத்தில் இருந்தே காட்டிவிட்டார். இதற்கல்லவா நோபல் பரிசு கொடுத்திருக்க வேண்டும்? அந்தக் கல்லூரிகளுக்குக் கட்டணம் கட்டியது யார்? கழனியை விற்றவனும், காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவளும், மூன்று பாவுக்கு முன்பணம் வாங்கி முதலாளியிடம் அடமானமாகக் கிடந்தவனும். அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியது வருகைப் பதிவேட்டில் இருந்த ஒரு பெயர். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருட்டு என்ற சொல்லை நாம் பம்புசெட் மோட்டாருக்கும் கோழிக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

தொழிலிலிருந்து வருகிறவர்களுக்குப் பட்டமே வேண்டாம், அனுபவம் போதும் என்றும் ஒரு வாசலைத் திறந்திருக்கிறார்கள். 2022-இல் மானியக் குழு ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்று பதவி உண்டாக்கியது. 15 ஆண்டு அனுபவம், அதுவும் மூத்த நிலையில் இருந்தால் நல்லது. டாக்டர் பட்டம் தேவையில்லை. படித்ததும் உங்கப்பாவைத்தான் நினைத்தேன். 40 வருஷ அனுபவம், கண்ணை மூடிக்கொண்டு ஜக்கார்டைப் பிரித்துப் பூட்டுவார். ஆனால் ‘மூத்த நிலை’ என்கிற இடத்தில் இடிக்கும். அவர் நாற்பது வருஷமும் தரைமட்டத்துக்குக் கீழே குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர். 2023-இல் கைவினைஞர்களைக் கல்லூரிக்குக் கூப்பிட இன்னொரு நெறிமுறை வந்தது. குரு, பரம குரு, பரமேஷ்டி குரு என்று மூன்று தட்டு. பட்டம் கொடுப்பதில் நாம் கஞ்சத்தனம் காட்டுவதே இல்லை. பரமேஷ்டி குரு என்று அழைத்துவிட்டு, பஸ் காசைப் பற்றி யார் பேசுவது?

கைத்தறியின் மீது டெல்லிக்கு இருக்கும் பாசத்தையும் உன் ஆய்வேட்டு முன்னுரையில் சேர்த்துக்கொள். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 2015-இல் சென்னையில் வைத்துத்தான் தொடங்கினார்கள். 2020-இல் அந்த நாளுக்குச் சரியாக 11 நாள் முன்னால், ஜூலை 27-ஆம் தேதி, அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை ஒரே உத்தரவில் கலைத்தார்கள். நெசவாளி அரசாங்கத்திடம் வாய் திறக்க இருந்த ஓர் அறையைப் பூட்டிவிட்டு, பதினோராம் நாள் வாழ்த்துச் செய்தி வந்தது. வாரியம் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை என்பார்கள். வாஸ்தவம். சாதிக்காததையெல்லாம் கலைப்பது என்று ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பது?

1985-இல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. கரை வைத்த பட்டுச் சேலை கைத்தறிக்கு மட்டும் என்றது. 22 ரகங்களில் தொடங்கிய ஒதுக்கீடு 11 ஆகச் சுருங்கியது. சுருங்கியதையும் யார் மதிக்கிறார்கள்? நாம் மாதக்கணக்கில் யோசித்து அட்டை அடித்து நெய்த முந்தியைக் கடையில் மாட்டிய அன்றே எவனோ செல்போனில் படம் எடுக்கிறான். சில நாளில் அது விசைத்தறியில் பாலியெஸ்டர் கலந்து, கைத்தறி என்ற சீட்டோடு, நம் கூலிக்கும் கீழான விலையில் சந்தைக்கு வருகிறது. ஆய்வுக்கூடத்திலிருந்து தொழிலுக்குத் தொழில்நுட்பம் போவதில்லை என்று கருத்தரங்கில் கண்ணீர் விடுகிறார்களே, இவ்வளவு வேகமாகப் போகும் தொழில்நுட்பம் வேறு எது? அதைத் தடுக்க வேண்டிய அமலாக்கப் பிரிவு இருக்கிறது. ஒரு சேலை கையால் நெய்ததா மின்சாரத்தில் ஓடியதா என்று கடை வாசலில் நின்றபடி சந்தேகமின்றிச் சொல்லும் ஒரு மலிவான கருவியைச் செய்து கொடு என்று எந்தக் கல்லூரியிடமாவது கேட்டார்களா? கேட்டிருந்தால் அதை ஆயுள் முழுக்கச் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். காலை ஐந்தரை மணிக்குச் செய்யாற்றுச் சிப்காட் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் போய்ப் பார். டிப்ளமோ படித்தவன், பி.இ. படித்தவள், எல்லாரும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

இவ்வளவு சொல்லியும் ஊரை விடமாட்டேன் என்று நீ அடம்பிடித்தால், ஒரே ஒரு வழி இருக்கிறது. எம்.பி.ஏ. துறையில் கூட்டு வழிகாட்டி ஒருவரைப் பிடித்து, ‘ஆரணி பட்டு நெசவாளர்களின் சமூகப் பொருளாதார நிலை’ என்று வைத்துக்கொள். வினாப்படிவம் ஒன்று தயார் செய். ஆங்கிலத்தில் செய்து, கூகுளில் போட்டுத் தமிழாக்கு. நெசவாளிக்குப் புரியாவிட்டாலும் தேர்வாளருக்குப் புரியும். ‘உங்கள் தொழில் திருப்தியை ஒன்று முதல் ஐந்து வரை அளவிடவும்’. நெய்துகொண்டிருப்பவரை நிறுத்து. அந்த அரைமணிக்கு அவருக்குக் கூலி நட்டம்; அதற்கு உன் பட்ஜெட்டில் இடம் கிடையாது. தேநீர் அவர் வீட்டில் குடி. அவர் தறியோடு ஒரு படம், இணைப்பு மூன்றுக்கு. நன்றியுரையில் கைடின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு, படிவம் நிரப்பியவர்களுக்கு ‘பதிலளித்தோர்’ என்று மொத்தமாக ஒரு சொல்.

கடைசிக் கேள்வியாக அதைக் கட்டாயம் வை, எல்லாரும் வைக்கிறார்கள்: ‘உங்கள் பிள்ளைகளை இத்தொழிலில் ஈடுபடுத்த விரும்புகிறீர்களா? ஆம் / இல்லை’. நாடாவை நிறுத்தாமலே அவர் உன்னை ஏற இறங்கப் பார்ப்பார். இன்னார் மகன் என்று அடையாளம் தெரிந்ததும் குரல் இறங்கிக் கேட்பார்: “அத வுடு தம்பி. உங்க கைடு இருக்காரே, அவரு புள்ளைய இந்த ஆராய்ச்சியில வுடுவாரா?”